இரண்டாவது கொடி

என்னை முதன்முதலில் உள்ளூர்க்காரன் என்று சொன்னவர்கள் அவுஸ்திரேலியர்கள். சொன்ன இடம் லண்டன்.

இந்த நகரத்துக்கு அகதியாக வந்து, குடியுரிமை எடுத்து, மோர்டனில் வீடு வாங்கி அதற்கு மாதம் தவறாமல் கடனும் கட்டிக்கொண்டிருந்தேன். அப்படியிருந்தும் பஸ் தரிப்பில் பேச்சுக் கொடுக்கும் எந்த வெள்ளைக்காரரும் மூன்றாவது வசனத்தில் "நீ எந்த நாடு?" என்று கேட்காமல் விட்டதில்லை. எங்கள் ஆட்களிடம் போனால் அங்கே வேறு விசாரணை. எந்த ஊர், எந்தக் குறிச்சி, ஆருடைய மகன். லண்டன்காரன் என்று என்னை ஒருவரும் கணக்கில் எடுத்தது கிடையாது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு வசந்தகாலம். கவுன்சிலில் வீடு திருத்தும் பகுதியில் எனக்கு வேலை. அங்கே ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த ஒரு அவுஸ்திரேலியன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்னால் ஓட முடியுமா?" என்று கேட்டான். முடியும் என்றேன். "நீ அவுஸ்திரேலியன் இல்லைத்தானே?" பார்த்தால் தெரியவில்லையா என்றேன். "அப்படியென்றால் நீ உள்ளூர்க்காரன். சனிக்கிழமை ஸ்ட்ரெதமுக்கு வா" என்று சொல்லிவிட்டுத் தன் சாண்ட்விச்சைச் சாப்பிடப் போய்விட்டான்.

ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு பொதுத் திடலில் அவர்கள் தங்கள் நாட்டு உதைபந்தாட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தார்கள். முட்டை வடிவப் பந்து. கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பியும் பிடிக்கலாம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடுவில் உயரமான இரண்டு, இரு பக்கமும் குட்டையான இரண்டு. உயரமான இரண்டுக்கும் நடுவால், கம்பத்தில் படாமல் உதைத்தால் ஆறு புள்ளி. கம்பத்தில் பட்டாலோ பக்கத்தால் போனாலோ ஒரேயொரு புள்ளி. கம்பங்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நிற்பார். அவர்தான் கோல் நடுவர். ஆறு என்றால் இரண்டு கொடிகளையும் ஆட்டுவார். ஒன்று என்றால் ஒரு கொடி. இவ்வளவு விளங்கினால் போதும், மிச்சமெல்லாம் ஓட்டமும் இடிபாடும்தான்.

லண்டனில் அப்போது அவுஸ்திரேலியர்களுக்குப் பஞ்சமில்லை. விட்டால் எல்லாக் கழகமும் முழுக்க அவர்களாலேயே நிரம்பிவிடும். அதனால் எங்கள் லீக்கில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். அதில் நாலு பேருக்கு மேல் அவுஸ்திரேலியர்கள் இருக்கக் கூடாது. மிச்சம் ஐந்தும் உள்ளூர்க்காரர். அந்த ஐந்தில் நான் ஒருவன். மற்ற நால்வரும் இங்கே பிறந்த வெள்ளைக்காரர், ரக்பி விளையாடிய உடம்பு. நான் விளையாடியது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்து மெய்வல்லுநர் போட்டியும் பிறகு பூப்பந்தும்தான். ஆனாலும் பயிற்சிக்கு ஒருநாள்கூடப் பிந்திப் போனது கிடையாது. மழையில் நனைந்து, முழங்கால் தோல் உரிந்து, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் பந்தை எப்படிக் கைமுட்டியால் குத்தி அடுத்தவனுக்குக் கடத்துவது என்று படித்தேன். பெயர்ப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'உள்ளூர்' என்று போட்டிருந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அந்த வருடம்தான் மெல்போர்னிலிருந்து என் சித்தியின் மகன் வந்தான். கைக்குழந்தையாக அங்கே போய் அங்கேயே வளர்ந்தவன். இரண்டு வருட விசாவில் லண்டனில் வேலை செய்ய வந்து, எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கினான். சித்தி பெற்ற பிள்ளையிடம் வாடகை என்ற சொல்லை எடுத்தால் குடும்பத்தில் என் கதை முடிந்தது. அவனும் அதை எடுக்கவில்லை. மற்றப்படி நல்ல பெடியன். பேசுவது முழுக்க ஆங்கிலம், இடைக்கிடை 'அண்ணை', 'அண்ணி' மட்டும் தமிழில் விழும். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் எழும்பினால் எங்கள் குசினி மேசையில் அவனுடைய கணினி திறந்திருக்கும். அதிலிருந்து மெல்போர்ன் ரேடியோக்காரர் கத்திக்கொண்டிருப்பார். அவனுடைய கழகம் பணம் இல்லாத மெல்போர்ன் கழகம். அது தோற்கும். தோற்றதும் அவன் சிட்னியைத் திட்டத் தொடங்குவான். அன்று விளையாடியது சிட்னியாக இல்லாவிட்டாலும் திட்டு சிட்னிக்குத்தான்.

அவனுடைய வழக்கு இதுதான். அந்த நாட்டுத் தொழில்முறை லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஒரு கழகம் தன் ஆட்டக்காரர் எல்லோருக்குமாகச் சேர்த்து இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பணக்காரக் கழகம் நல்லவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சிட்னியில் வீட்டு விலையும் வாடகையும் கூட என்பதால், அந்த ஊர்க் கழகத்துக்கு மட்டும் வரம்புக்கு மேலே கொஞ்சம் கொடுக்க அனுமதி. இந்தக் 'கொஞ்சம்' அவனுக்கு வேப்பங்காய்.

"உச்சவரம்பு கூரை மாதிரி, அண்ணை. எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவனுக்கு மட்டும் உயர்த்திக் கொடுத்தால் மற்றவர்கள் ஏன் குனிந்துகொண்டு நிற்க வேண்டும்?"

"விலைவாசி கூடின ஊரில இருக்கிறவனுக்குத்தானடா அந்தக் கஷ்டம் தெரியும்" என்றேன். என் சம்பளத்தோடும் லண்டனில் வேலை செய்வதற்கென்று ஒரு படி சேர்ந்து வந்தது. அது இல்லாவிட்டால் மோர்டன் வீட்டை நான் வெளியே நின்றுதான் பார்த்திருப்பேன்.

"புதிதாக வந்த பெடியனுக்கு வாடகை கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு மட்டும் கொடுங்கள். கடற்கரையில் மாளிகை வைத்திருக்கிற நட்சத்திரத்துக்கும் ஏன் அதே வீதத்தில் கொடுக்கிறீர்கள்?" நான்தான் கொடுத்தேன் என்பதுபோல என்னைப் பார்த்துக் கேட்டான். "விலைவாசி என்பதெல்லாம் சாட்டு. நானும் லண்டனில் இருக்கிறேன்தானே? எனக்கு ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லையே."

என் மனைவி தோசைச் சட்டியைக் கழுவும் சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, "மெல்போர்ன்காரன் சிட்னிக்காரனோட சண்டை பிடிக்கிறதுக்கு லண்டனில என்ர குசினிதான் கிடைச்சுதோ?" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதிலும் இருந்தது. உதவி வேண்டியவனுக்குக் கொடுக்கிற சலுகை தவறில்லை என்பது அன்றைக்கு என் கட்சி. சலுகை மேலேயிருந்து சும்மா விழுகிறது, அதற்காக எவருடைய கோப்பையிலிருந்தும் எதையும் எடுப்பதில்லை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியை எங்கள் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அவன் பந்தைத் தொட்டவுடனேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது, இவன் வேறு ரகம் என்று. ஆனால் இடமில்லை. நிறத்தில் என்னைப் போல் இருந்தாலும் விதியின்படி அவன் அவுஸ்திரேலியன். நாலு இடத்திலும் ஏற்கெனவே ஆள் இருந்தது. கோடை முழுவதும் அவன் எல்லைக்கோட்டில் நின்று தண்ணீர்ப் போத்தல் நீட்டினான். நான் உள்ளே ஓடினேன். ஒரே பாட்டனின் இரண்டு பேரன்மாரில் ஒருவன் அவுஸ்திரேலியன், மற்றவன் லண்டன்காரன். இந்தக் கூத்தை நினைத்து இருவருமே சிரித்திருக்கிறோம்.

எப்படியோ எங்கள் கழகம் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்திய கிழமை எங்கள் தலைவன், அதாவது என்னோடு வேலை செய்த அந்த அவுஸ்திரேலியன், லீக் குழுவிடம் போய் ஒரு சலுகை கேட்டான். நாங்கள் சின்னக் கழகம், இந்த விளையாட்டு வேரூன்றாத தெற்குப் பக்கத்தில் இருக்கிறோம், மற்றக் கழகங்களுக்குப் பழகிய உள்ளூர்க்காரர் கிடைக்கிறார்கள், எங்களுக்குக் கிடைப்பதில்லை, ஆகவே இந்த ஓர் ஆட்டத்துக்கு ஐந்து அவுஸ்திரேலியரை இறக்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறான். குழுவும் கனிந்து கொடுத்துவிட்டது.

எங்கள் லீக்கில் ஒருவருக்கும் ஒரு சதம் சம்பளம் கிடையாது. ஆள் எண்ணிக்கைதான் எங்கள் உச்சவரம்பு. அவுஸ்திரேலியர் ஐந்து என்றால் உள்ளூர்க்காரர் நாலு. அந்த நாலு பேரில் இல்லாமல் போவது யார் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

தலைவன் அதை வேலைத்தலத்துச் சாப்பாட்டு அறையில் வைத்துச் சொன்னான். சொன்ன விதம்தான் என்னைக் கொன்றது. "உன் தம்பி எனக்கு விளங்கப்படுத்தினான். உங்கள் பண்பாட்டில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்களாம். எவ்வளவு அழகான விஷயம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் அப்போதே அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளைக்காரனுக்கு முன்னால் சொந்தத் தம்பியைப் பொய்யனாக்க வாய் வரவில்லை. எங்கள் சண்டை எவ்வளவு நாறினாலும் வீட்டுக்குள் கிடந்து நாற வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் திருப்தியோடு போனான். உள்ளூர்க்காரர் கிடைப்பதில்லையாம்! மழைக்குள் பிந்தாமல் வந்து நின்ற நான் யார்? கெட்டிக்கார உள்ளூர்க்காரர் கிடைப்பதில்லை என்று நேரே சொல்லியிருந்தால் இந்தளவு வயிறு எரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டேன். "நான் விட்டுக் குடுக்கிறன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அவன் உண்மையாகவே திகைத்துப் போனான். "அண்ணைமார் விட்டுக்கொடுப்பார்கள் என்று அம்மா எப்போதும் சொல்வாவே. நீங்களும் அப்படித்தான் என்று நினைத்தேன்."

"சரி, சிட்னிக்குச் சலுகை குடுத்தா அநியாயம். உனக்குக் குடுத்தா நியாயமோ?"

"அது வேறு, அண்ணை. அது தொழில்முறை. அங்கே காசு. இது சும்மா பார்க்கில் விளையாடுகிற விளையாட்டு."

"சும்மா விளையாட்டு எண்டா அதில எனக்கு ஏன்ரா இடமில்லை?"

அவன் எழும்பிப் போய்ச் சின்ன அறைக்குள் இருந்துகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டதும் வந்தான்.

மறுநாள் மெல்போர்னிலிருந்து சித்தியின் தொலைபேசி. "மோனை, நீ தம்பிக்கு விட்டுக் குடுத்தனியாம். கேட்டு எனக்குக் கண் கலங்கிப் போச்சு. கொம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா!" செத்துப்போன அம்மாவையும் இழுத்துவந்து எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் "ஓம் சித்தி, ஓம் சித்தி" என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறுதியாட்டத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். மனைவி சொன்னாள், "போகாட்டி உங்களுக்குக் கோவம் எண்டு நினைப்பினம்."

"கோவம்தான்."

"அப்ப போய்க் கோவமா நில்லுங்கோ. வீட்டில இருந்து என்னோட கத்தாதேங்கோ."

போனேன். நல்ல வெயில். திடலைச் சுற்றிப் போத்தல்களோடு சனம். நான் சாரணர் முகாமுக்கு வந்த தகப்பன் போல ஒரு மூலையில் நின்றேன். தலைவன் ஓடிவந்தான். கையில் வெள்ளைக் கோட்டும் இரண்டு கொடிகளும். ஒவ்வொரு கழகமும் ஒரு கோல் நடுவரைத் தர வேண்டுமாம், மற்றவர்கள் எல்லோரும் விளையாடுகிறார்களாம், விதியும் எனக்கு வடிவாகத் தெரியுமாம். கறிவேப்பிலையைத் தூக்கிப் போட்டபிறகு இன்னொரு கறிக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் வாங்கிப் போட்டேன். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

ஆட்டம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தம்பி மூன்று பேர் வேலையைத் தனியாகச் செய்தான். அவன் உயர எழும்பிப் பந்தைப் பிடித்தபோது, வயிற்றெரிச்சலையும் மீறி எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிக் கால்பகுதியில் எங்கள் கழகம் நான் நின்ற முனையை நோக்கி விளையாடியது. நாங்கள் மூன்று புள்ளி பின்னுக்கு. நேரம் முடியப்போகிற கட்டத்தில் தம்பி எனக்கு நேரெதிரே பந்தைப் பிடித்துவிட்டான். அப்படிப் பிடித்தால் ஒருவரும் இடைஞ்சல் செய்யாமல் உதைக்க விட வேண்டும். உயரமான இரண்டு கம்பங்களுக்கும் நடுவால் போனால் ஆறு புள்ளி, கோப்பை எங்களுக்கு. இல்லாவிட்டால் இல்லை.

அவன் உதைத்தான். பந்து வளைந்து வந்தது. நான் வலது பக்கத்து உயரக் கம்பத்தடிக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். அந்தக் கம்பங்கள் நாங்களே சனிக்கிழமைகளில் கொண்டுவந்து நடுகிற பிளாஸ்டிக் குழாய்கள். என் தலைக்கு மேலே பந்து குழாயின் உட்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். கம்பம் மெல்ல ஆடியது. பந்து எனக்குப் பின்னால் போய்ப் புல்லில் விழுந்தது.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது நடுவால் போன பந்து. எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறித் துள்ளத் தொடங்கிவிட்டார்கள். நடுவர் என்னைப் பார்த்தார். திடலில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஆத்திரம் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் ஆத்திரத்தைக் கேட்டுக்கொண்டு பந்து கம்பத்தில் படவில்லை. அது பட்டது, நான் கண்டேன், அவ்வளவுதான். ஒரு விரலைக் காட்டினேன். பிறகு ஒரு கொடியை எடுத்து ஆட்டினேன்.

துள்ளியவர்கள் நின்றார்கள். தலைவன் ஓடிவந்து, "நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். "நன்றாக யோசி" என்றான். யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். தம்பி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, இல்லை, இல்லை என்று மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினான். மணி அடித்தது. இரண்டு புள்ளியால் தோற்றோம்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். பெட்டியிலிருந்து பியர் எடுத்துக் கைமாற்றிக்கொண்டு போனார்கள், அது என் கைக்கு வராமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. "ஆட்டத்தில் இடம் கொடுக்கவில்லை அல்லவா, அதுதான்" என்று எனக்குப் பின்னால் ஒருவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. கோட்டைக் கழற்றி, கொடிகளை அதன்மேல் வைத்துவிட்டு நடந்தேன். தம்பி தன் பையோடு பின்னால் வந்தான்.

ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. கொலியர்ஸ் வூட் தாண்டியபோது அவன் வாயைத் திறந்தான். அதிசயமாகத் தமிழில்.

"அண்ணை, போஸ்ட் ஆடினது. நானும் கண்டனான்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "கண்டனியோ? அப்ப அங்கை ஏன் சொல்லேல்லை?"

அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. கோடை முழுவதும் என் குசினியில் கூரையின் உயரத்தை அளந்த பிள்ளை அவன். "நீங்கள் எங்கட ஆள்தானே" என்றான். "ரெண்டு கொடியும் ஆட்டுவீங்கள் எண்டு நினைச்சன்."

எதிர் இருக்கையில் இருந்த பெண் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் பத்திரிகைக்குத் திரும்பினாள்.

"நான் உங்கட ஆள் இல்லையடா" என்றேன். "நான் அங்கை உள்ளூர்க்காரன். அந்த இடத்தைத்தான் நீ எடுத்தனி."

கடைசி ஸ்டேஷன் மோர்டன். கதவு திறந்ததும் அவன் எழும்பி, தன் பையோடு என் காலடியில் கிடந்த என்னுடைய பையையும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வழக்கமாகக் கொண்டுபோகிற பை அது. விளையாடும் சப்பாத்தும் உள்ளே இருந்தது. அன்றைக்கும், ஒருவேளை கூப்பிடுவார்களோ என்று, கொண்டுபோயிருந்தேன்.